நிமிர்ந்த கழுத்தும் குனிந்த தலையும்

இலண்டன் மாநகரின் மான்செஸ்டர் சதுக்கத்தில் வாலஸ் கலைக்கூடம் என்னும் பழைய மாளிகை ஒன்று உள்ளது. 1900ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் காணத் திறந்துவிடப்பட்ட அம்மாளிகையில், ஒல்லாந்து நாட்டு ஓவியர்கள் பதினேழாம் நூற்றாண்டில் தீட்டிய இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்றை உலகமே அறியும். மற்றொன்றை ஓவியக் கலையில் ஈடுபாடு உடையவர்களே அறிவர்.

முதல் படம் பிரான்ஸ் ஹால்ஸ் 1624ஆம் ஆண்டில் தீட்டியது. இளைஞர் ஒருவர் இடுப்பில் கை வைத்து, மீசையை மேல்நோக்கி முறுக்கி, காண்போரை ஏறிட்டு நோக்குகிறார். அவருடைய மேலங்கியில் தேனீக்களும் அம்புகளும் பூவேலையாக மின்னுகின்றன. கழுத்தைச் சூழ்ந்து வெள்ளைப் பட்டை. மணிக்கட்டில் லேஸ் எனப்படும் நுண்ணிய நூற்பின்னல். 'சிரிக்கும் வீரர்' என்று இப்படத்திற்குப் பெயர் வழங்குகிறது. அது ஓவியர் இட்ட பெயரன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறர் இட்டது. உண்மையில் அவர் சிரிக்கவும் இல்லை. இதழோரத்தில் தன்னம்பிக்கையும் சிறிது செருக்கும் கலந்து நிற்கின்றன, அவ்வளவே.

இரண்டாவது படம் காஸ்பர் நெட்ஷர் 1662ஆம் ஆண்டில் தீட்டியது. ஓரடிக்குச் சற்றே மிகுந்த உயரமுடைய சிறிய படம். பெண் ஒருத்தி வெறுஞ்சுவரை ஒட்டி அமர்ந்து, மடியில் திண்டு வைத்து, லேஸ் பின்னிக்கொண்டிருக்கிறாள். சுவரில் துடைப்பம் சாய்ந்திருக்கிறது. கழற்றிய மிதியடிகள் தரையில் கிடக்கின்றன. அருகில் சில சிப்பி ஓடுகள். அவள் முகம் பெரும்பாலும் மறுபுறம் திரும்பியிருக்கிறது. அவள் காண்போரைப் பார்க்கவில்லை. தன் விரல்களையே பார்க்கிறாள்.

ஒரே கூரையின் கீழ் இரு மாந்தர்: ஒருவர் லேஸை அணிந்தவர், மற்றவர் லேஸைப் பின்னுபவர். இரண்டு படங்களுக்கும் இடையே முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்துள்ளமையால், இவள் பின்னியதை அவர் அணிந்திருத்தல் இயலாது. ஆயினும் இவ்விருவரையும் அடுத்தடுத்துக் காண்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழாமல் இராது. அழகிய பொருள் ஒன்றின் பெருமை யாருக்கு உரியது? அணிந்தவர்க்கா, ஆக்கியவர்க்கா? பிறர் வருத்தத்தின்மேல் எழுந்து நிற்கும் அழகை மனச்சான்று உடையவர் எவ்வாறு நோக்குதல் வேண்டும்?

கழுத்தைச் சுற்றிய வட்டம்

மறுமலர்ச்சிக் காலத்து ஐரோப்பியர் அணிந்த மடிப்புக் கழுத்துப்பட்டை தொடக்கத்தில் மிக எளியதாகவே இருந்தது. உள்சட்டையின் கழுத்தை நாடாவால் இழுத்துக் கட்டும்போது துணியின் விளிம்பு சுருங்கிச் சிறு மடிப்புகளாக நிற்கும். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சிறு மடிப்பே சட்டையிலிருந்து பிரிந்து தனி அணியாயிற்று. ஆங்கிலேயர் அதனை 'ரஃப்' என்றனர். பல கெச நீளமுள்ள மெல்லிய சணல்நார்த் துணியை எட்டு என்னும் எண்ணின் வடிவில் மடிப்பு மடிப்பாக அடுக்கிக் கழுத்துப்பட்டியில் தைத்தனர். விளிம்பில் லேஸ் சேர்த்தனர். அகலம் மிகுந்தபோது தாங்குவதற்குக் கம்பிச் சட்டம் ஒன்றைக் கீழே பொருத்தினர். ஒல்லாந்தர் பெரிய பட்டைக்கு இட்ட பெயரின் பொருள் 'திரிகைக்கல்' என்பதாகும். கல்லைச் சுமப்பதுபோலத் தலை அதன்மேல் அமர்ந்திருந்தமையால் அப்பெயர் பொருத்தமானதே.

இவ்வணிக்குக் குளிரைத் தடுக்கும் பயன் இல்லை. உடலை மறைக்கும் பயனும் இல்லை. அதன் பயன் ஒன்றே: அணிந்தவர் தலைகுனிய இயலாது. நிலத்தில் விழுந்ததைக் குனிந்து எடுக்க முடியாது. தம் கைகள் செய்வதைத் தாமே பார்ப்பதும் கடினம். உணவு உண்பதற்கே இடர் உண்டு. 'எனக்காகக் குனிய வேறொருவர் இருக்கிறார்' என்னும் செய்தியை அந்த வெள்ளை வட்டம் சொல்லாமல் சொல்லிற்று.

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியார் 1580ஆம் ஆண்டில் அளவு மீறிய கழுத்துப்பட்டைகளைக் கட்டுப்படுத்தி ஆணை பிறப்பித்தார். 1588ஆம் ஆண்டில் ஸ்பானியக் கடற்படை தோற்றோடியதை நினைவூட்டும் உருவப்படத்தில் அவரே சக்கரம் போன்ற பெரிய லேஸ் பட்டையின் நடுவே முகங்காட்டி நிற்கிறார். பட்டையின் அகலத்தை அளந்தே ஒருவரின் இடத்தை உலகம் அளந்தது. ஆணையின் நோக்கமும் அந்த அளவைக் காப்பதே. அழகைப் பொதுவாக்க அஞ்சியவர்கள், அழகைத் துறக்க எண்ணியவர்கள் அல்லர்.

ஒரு சொல்லில் இரு கஞ்சி

துணி தானாக நிமிர்ந்து நிற்காது. அதனை நிமிர்த்தியது கஞ்சி. டிங்கென் வான் டெர் பிளாஸ் என்னும் பிளாண்டர்ஸ் நாட்டுப் பெண் 1564ஆம் ஆண்டில் இலண்டனுக்கு வந்து, துணிக்குக் கஞ்சியிடும் கலையைப் பொருள் பெற்றுக் கற்பித்தார் என்று அக்காலத்து வரலாற்று நூல் கூறுகிறது. கஞ்சியிடக் கற்பிக்க நான்கு அல்லது ஐந்து பவுன்; கஞ்சி காய்ச்சக் கற்பிக்க இருபது ஷில்லிங். அந்நாளில் அது பெருந்தொகை. கைத்தொழில் ஒன்றைத் தம் உடைமையாகக் கொண்ட பெண் அயல்நாட்டில் மதிப்புடன் வாழ்ந்தார் என்பதை இங்கே மறவாமல் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஆனால், கஞ்சியிடக் கற்ற பின்னர் அவ்வேலையை நாள்தோறும் செய்த சலவைப் பெண்களின் நிலை வேறு.

கழுத்துப்பட்டையை ஒருமுறை துவைத்தால் மடிப்புகள் யாவும் அழிந்துவிடும். மீண்டும் கஞ்சியில் தோய்த்து, ஈரம் முற்றும் போகுமுன் சூடேற்றிய கம்பியை ஒவ்வொரு மடிப்பிலும் செலுத்தி வடிவம் கொடுக்க வேண்டும். மழையில் நனைந்தாலும் அதே கதி. ஒருநாள் செய்து முடிந்து என்றும் நிற்கும் அழகன்று அது. ஒவ்வொரு முறையும் ஒருத்தியின் கைகளால் புதிதாகப் பிறக்க வேண்டிய அழகு.

அக்கைகள் என்னவாயின என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. ஜான் ஜெரார்டு என்னும் ஆங்கிலேயர் 1597ஆம் ஆண்டில் மூலிகைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இங்கிலாந்தின் வேலியோரங்களில் வளரும் ஒருவகைச் சேம்பினச் செடியின் கிழங்கிலிருந்து மிகத் தூய வெண்மையான கஞ்சிமாவு கிடைக்கும் என்று அதில் எழுதினார். அதே இடத்தில், அம்மாவைக் கையாளும் சலவைப் பெண்ணின் கைகள் வெடித்துக் கொப்புளம் கொண்டு, கரடுமுரடாகி எரியும் என்றும் குறித்து வைத்தார். மருத்துவச் செடிகளை ஆராய்ந்தவரின் கண்ணுக்கு அது புலப்பட்டது. மிக வெண்மையான பட்டை மிகப் புண்பட்ட கையிலிருந்து வந்தது என்னும் உண்மையை அக்காலத்து உருவப்படம் எதுவும் சொல்லவில்லை.

கஞ்சிமாவு பெரும்பாலும் கோதுமையிலிருந்து எடுக்கப்பட்டது. 1594 முதல் 1597 வரை இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்து, மக்கள் உணவின்றி வாடினர். உண்ண வேண்டிய தானியம் கழுத்துப்பட்டைக்குப் போகிறதே என்னும் கவலை ஆட்சியாளரையும் தொட்டது. கோதுமையிலிருந்து கஞ்சிமாவு எடுப்பதை அவர்கள் தடுக்க முயன்றனர். தமிழில் ஏழையின் கலத்தில் ஊற்றுவதும் கஞ்சி. துணிக்கு விறைப்புத் தருவதும் கஞ்சி. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கும் தமிழ் மாணவனுக்கு இந்த வரலாற்றை விளக்க நெடிய உரை வேண்டியதில்லை. பஞ்ச காலத்தில் ஒரு கஞ்சி மற்றொரு கஞ்சியைத் தின்றது.

காற்றில் தைத்த தையல்

லேஸின் கதையும் இத்தகையதே. முதலில் துணியின் இழைகளை வெட்டி எடுத்து, எஞ்சிய இழைகளை ஊசித்தையலால் பிணைத்து, துளைகளால் கோலம் அமைத்தனர். பதினாறாம் நூற்றாண்டில் வெனிசு நகரத்தார் ஒருபடி மேலே சென்றனர். அடித்துணியே இல்லாமல் நூலும் ஊசியும் மட்டுமே கொண்டு கோலத்தை ஆக்கினர். அதற்கு இத்தாலிய மொழியில் 'காற்றில் தைத்த தையல்' என்று பெயர் வைத்தனர். பிளாண்டர்ஸ் நாட்டிலோ வேறொரு முறை சிறந்து வளர்ந்தது. திண்டின்மேல் துளையிட்ட வரைதாளை விரித்து, குண்டூசிகளை நட்டு, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை அவ்வூசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் பின்னுவது அம்முறை. நெட்ஷரின் படத்துப் பெண் மடியில் வைத்திருப்பது அத்தகைய திண்டுதான்.

இரண்டு முறைகளுக்கும் வேண்டுவன கூரிய கண்களும் வளைந்த கழுத்தும். நீண்ட நேரம் உழைத்தால் விரலளவு பின்னல் வளரும். மிக நுண்ணிய நூல் உலர்ந்த காற்றில் அறுந்துவிடும் என்பதற்காக, ஈரம் கசியும் நிலவறைகளில் இருந்து நூற்றவர்களும் உண்டு. பிளாண்டர்ஸிலும் பிற்காலத்தில் இங்கிலாந்திலும் ஏழைச் சிறுமியர்க்கு மிக இளம் வயதிலேயே இத்தொழில் கற்பிக்கப்பட்டது.

அதே தொழிலைச் செல்வக் குடும்பத்துப் பெண்டிரும் செய்தனர் என்பது எண்ணத்தக்கது. பெடரிகோ வின்சியோலோ 1587ஆம் ஆண்டில் பாரிசிலும், செசாரே வெசெல்லியோ 1591ஆம் ஆண்டில் வெனிசிலும் லேஸ் கோலங்களை அச்சிட்டு நூல்களாக வெளியிட்டனர். வெசெல்லியோ தம் நூலை உயர்குடியும் நற்பண்பும் உடைய பெண்டிர்க்கு உரிய மணிமுடி என்று பெயரிட்டு அழைத்தார். மாளிகையில் இருந்து பின்னியவளுக்கு அது நல்லொழுக்கத்தின் அடையாளம்; குடிசையில் இருந்து பின்னியவளுக்கு அது மறுநாள் உணவு. விரல்கள் ஒன்றே, பின்னல் ஒன்றே, பாராட்டு மட்டும் ஒரு வீட்டு வாயிலோடு நின்றுவிட்டது.

கண்டித்தோர் காணாதது

இந்த ஆடம்பரத்தை யாரும் கண்டிக்கவில்லை என்று கூற முடியாது. பிலிப் ஸ்டப்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1583ஆம் ஆண்டில் தம் நாட்டாரின் தீய பழக்கங்களைச் சாடி நூல் எழுதினார். கழுத்துப்பட்டையை அவர் எள்ளி நகையாடினார். கஞ்சியைச் சாத்தானின் சரக்கு என்றே கருதினார். காற்றடித்தாலும் மழை பெய்தாலும் அப்பெருமை எவ்வாறு தொங்கிப் போகும் என்பதை அவர் வருணித்த பகுதி படிப்போரை நகைக்க வைக்கும்.

ஸ்பெயின் நாட்டு மன்னர் நான்காம் பிலிப் 1623ஆம் ஆண்டில் மடிப்புக் கழுத்துப்பட்டையையே தடை செய்தார். அயல்நாட்டுத் துணிக்கும் லேஸுக்கும் நாட்டுச் செல்வம் வெளியே ஓடுகிறது என்பது அரசின் கவலை. அவ்வாண்டில் இங்கிலாந்து இளவரசர் சார்ல்ஸ் விருந்தினராக வந்தபோது அத்தடை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. விருந்தினர்முன் எளிமை காட்ட அரசவைக்கு மனம் வரவில்லை போலும். பின்னர் அட்டையை உள்ளே வைத்து அமைத்த தட்டையான பட்டை வழக்கிற்கு வந்தது. வெலாஸ்கெஸ் தீட்டிய உருவப்படங்களில் மன்னரின் கழுத்தில் அதனைக் காணலாம். கஞ்சியின் இடத்தை அட்டை பிடித்துக்கொண்டது. நிமிர்ந்த மோவாய் மட்டும் நிமிர்ந்தபடியே இருந்தது.

இக்கண்டனங்களை ஊன்றிப் பார்த்தால் ஒரு குறை விளங்கும். அறம் உரைத்தவர் அணிந்தவரின் உயிர் கெடுமே என்று வருந்தினார். அரசர் கருவூலம் குறையுமே என்று வருந்தினார். கொப்புளம் கொண்ட கையைப் பற்றி வருந்தியவர் எவர்? செருக்கைச் சாடும் அறவுரையும் செருக்குடையவரையே மையமாக வைத்துப் பேசுகிறது. உழைத்தவள் பாராட்டிலும் இல்லை, கண்டனத்திலும் இல்லை. அறத்தின் பார்வையும் அந்த உருவப்படத்தின் சட்டத்திற்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது.

ஆடம்பரம் அறமாகுமா?

இவ்விடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும். 'செல்வர் லேஸ் அணிந்ததால்தான் ஏழைக்கு வேலை கிடைத்தது. அவர் எளிமை பூண்டால் அவள் பட்டினி கிடப்பாள் அல்லளோ?' என்பது அம்மறுப்பு. ஒல்லாந்தில் பிறந்து இலண்டனில் மருத்துவராய் வாழ்ந்த பெர்னார்டு மாண்டவில் 1714ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தேனீக்களின் கதை' என்னும் நூலில் இக்கருத்தை அஞ்சாமல் நிலைநாட்டினார். தனி மனிதரின் குற்றங்களே பொது நன்மைகளாக விளைகின்றன என்பது அவர் கொள்கை. செருக்கும் பொறாமையும் பகட்டும் பல்லாயிரம் கைகளுக்கு வேலை தருகின்றன. யாவரும் துறவிகளானால் நாடு வறுமையுறும் என்றார்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு பட்டையைத் தடை செய்யும் ஆணை, அதைத் தைத்தவளின் வயிற்றிலும் அடிக்கிறது. எளிமையை ஏத்துவோர் அவ்வடியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆயினும் மாண்டவிலின் வாதம் ஒரு வினாவுக்கு விடை கூறிவிட்டு, மற்றொரு வினாவையும் முடித்துவிட்டதுபோல் நடந்துகொள்கிறது. வேலை கிடைத்ததா என்பது ஒரு வினா. வேலை செய்தவள் மனிதப் பிறவியாக மதிக்கப்பட்டாளா என்பது வேறு வினா. உணவு கொடுத்துவிட்டதால் புண்ணுக்குக் கணக்கு முடிந்துவிடாது.

செருமானிய மெய்ப்பொருளறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785ஆம் ஆண்டில் எழுதிய அறநூல் ஒன்றில் விலையையும் மாண்பையும் பிரித்துக் காட்டினார். எதற்கு ஈடாக வேறொன்றை வைக்க இயலுமோ அதற்கு விலை உண்டு. எதற்கு ஈடே இல்லையோ அதற்கு மாண்பு உண்டு. பொருள்கள் விலை உடையவை; மனிதர் மாண்பு உடையவர். ஆகவே மனிதரை வெறும் கருவியாக மட்டும் கொள்ளுதல் தகாது என்பது அவர் கண்ட முடிபு. இக்கருத்தைக் கொண்டு நோக்கினால், லேஸுக்கு உரிய விலையைக் கொடுத்தவர் கடமையில் பாதியையே முடித்தவர் ஆவார். பின்னியவளைத் தமக்கு இணையான மனிதப் பிறவியாக மதிப்பது எஞ்சிய பாதி. அந்தப் பாதி கொடுக்கப்படாமலே நின்றது.

கழுத்தை நிமிர்த்திய பின்னல்

எஞ்சிய பாதியும் கிடைத்தால் அதே தொழில் எவ்வாறு மாறும்? அதற்குச் சான்று வேண்டுவோர் லேஸ் பின்னல் சென்ற வழியைப் பின்தொடர்ந்து தமிழ் நிலத்திற்கே வரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில் சமயப் பணி புரிந்த மால்ட் என்பாரின் மனைவியார், தம் பள்ளியில் பயின்ற பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவருடைய மகள், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல்லின் துணைவியாராகி, இடையன்குடியில் இக்கலையை வளர்த்தார்.

அந்நாளைய திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்கள் மார்பை மறைத்து ஆடை அணியவும் தடை இருந்தது. நெடிய போராட்டத்திற்குப் பிறகு 1859ஆம் ஆண்டில்தான் அத்தடை அரசாணையால் தளர்ந்தது. இத்தகைய நாட்டில் அப்பள்ளியில் லேஸ் பின்னக் கற்ற அடிமைப் பெண்கள் சிலர், அவ்வேலையில் ஈட்டிய பொருளைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர். ஒருகாலத்தில் ஐரோப்பியச் சீமான்களின் கழுத்தை நிமிர்த்திய பின்னல், இங்கே பின்னியவளின் கழுத்தையே நிமிர்த்திற்று.

பிளாண்டர்ஸிலும் நாகர்கோவிலிலும் நூல் ஒன்றே. குனிந்து உழைக்கும் உழைப்பும் ஒன்றே. வேறுபாடு எங்கே இருக்கிறது? கல்வியோடு சேர்ந்து வந்த தொழில், ஈட்டியவளுக்கே பயன்பட்ட வருவாய், அவளும் விடுதலைக்கு உரியவள் என்னும் எண்ணம் ஆகிய மூன்றில் இருக்கிறது. ஆகவே குனிந்து செய்யும் வேலை இழிவன்று. குனிந்தவரை நிமிரவிடாத ஏற்பாடே இழிவு.

ஓவியரின் கை

அங்ஙனமாயின் அந்த உருவப்படங்களை வெறுத்து ஒதுக்குதல் வேண்டுமா? வேண்டியதில்லை. அணிந்தவர் மறந்ததை ஓவியரின் கை மறக்கவில்லை. லேஸைத் தீட்ட முனைந்தவர் அதன் ஒவ்வொரு துளையையும் கண்ணால் தொட்டே ஆக வேண்டும். ரெம்பிராண்ட் சில உருவப்படங்களில் முதலில் வெள்ளை வண்ணத்தைப் பூசி, அதன்மேல் கருநிறப் புள்ளிகளை இட்டே பின்னலின் துளைகளைத் தோற்றுவித்தார். நூலைத் தீட்டாமல் நூலற்ற இடத்தைத் தீட்டினார். காற்றில் தைத்தவளின் கலையை அவர் தூரிகையால் திரும்பச் செய்தார் எனலாம். 1634ஆம் ஆண்டில் அவர் தீட்டிய மார்ட்டன் சோல்மான்ஸ் இணையரின் இரு படங்களை 2016ஆம் ஆண்டில் நெதர்லாந்தும் பிரான்சும் சேர்ந்து பதினாறு கோடி யூரோவுக்கு வாங்கின. அவ்வளவு விலை பெற்ற படத்தில் கண்ணைப் பறிக்கும் லேஸைப் பின்னியவளின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

ஓவியர்களும் கைத்தொழிலாளரே. ஹால்சின் தந்தையார் துணித்தொழிலைச் சேர்ந்தவர். வெர்மீரின் தந்தையார் பட்டு நெசவு கற்றவர். செல்வர் பலரின் கழுத்துப்பட்டைகளைத் தீட்டிய ஹால்ஸ் முதுமையில் வறுமையுற்றார். 1664ஆம் ஆண்டில் ஹார்லெம் நகராட்சி அவருக்கு ஆண்டுக்கு இருநூறு கில்டர் உதவித்தொகை வழங்கியது. இரண்டாண்டில் அவர் மறைந்தார். பகட்டைத் தீட்டிய கைக்குப் பகட்டு வந்து சேரவில்லை.

வெர்மீர் 1670ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டிய 'லேஸ் பின்னும் பெண்' பாரிசிலுள்ள லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ இருபத்து நான்கு சென்டிமீட்டர் உயரமும் இருபத்தொரு சென்டிமீட்டர் அகலமும் உடைய அச்சிறு படத்தில், மஞ்சள் ஆடை அணிந்த இளம்பெண் தன் வேலையில் மூழ்கியிருக்கிறாள். அவள் ஆடை வளமான குடும்பத்தைக் காட்டுகிறது. அவள் கூலிக்குப் பின்னியவள் அல்லள் எனலாம். ஆயினும் அப்படத்தில் பெருமை ஆடையில் இல்லை. இரு விரல்களுக்கிடையே இழுத்துப் பிடித்த நுண்ணிய நூலில் இருக்கிறது. குனிந்த தலையில் இத்துணை மாண்பு உண்டு என்பதை மடிப்புக் கழுத்துப்பட்டை அணிந்த படங்களை ஆயிரம் முறை நோக்கினாலும் அறிய முடியாது.

பணி என்னும் சொல்

தமிழில் 'பணி' என்றொரு சொல் உண்டு. அதற்குத் தொழில் என்பது ஒரு பொருள். பணிதல் என்னும் வினையோடு அது நெருங்கி நின்று குனிதலையும் நினைவூட்டுகிறது. பழைய நூல்களில் அணிகலன் என்னும் பொருளும் அதற்கு உண்டு. தொழில், பணிவு, அணி ஆகிய மூன்றும் ஒரு சொல்லில் கூடி நிற்கின்றன. ஐரோப்பிய உருவப்படம் அணியை ஒருவர் கழுத்திலும், தொழிலையும் பணிவையும் வேறொருவர் கழுத்திலும் பிரித்து வைத்தது. மொழி சேர்த்து வைத்ததைச் சமுதாயம் பிரித்தது. இது ஐரோப்பாவில் மட்டும் நடந்த பிரிவினை அன்று என்பதைத் திருவிதாங்கூரின் வரலாறே காட்டும்.

திருவள்ளுவர் பெருமை என்னும் அதிகாரத்தில் பெருமைக்குப் பணிதலையும், சிறுமைக்குத் தன்னை வியந்து அணிந்துகொள்ளுதலையும் அடையாளமாக வைத்தார். அவர் அழகை வெறுத்தவர் அல்லர். தன் அழகு பிறர் கையால் வந்தது என்பதை மறந்த வியப்பையே சிறுமை என்றார் என்று கொள்ளலாம். அந்த மறதி நீங்கினால் அணிதலும் குற்றமாகாது. நன்றி உணர்வோடு அணிந்த பட்டை கழுத்தை விறைக்கச் செய்யாது.

பள்ளிக்கு வெள்ளைச் சட்டை அணிந்து வரும் மாணவனின் கழுத்துப்பட்டையையும் யாரோ ஒருவர் துவைத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்துத் தந்திருக்கிறார். பெரும்பாலும் அது அவன் தாயின் கையாக இருக்கும். உருவப்படம் ஒன்றை வகுப்பில் காட்டும் ஆசிரியர், 'இவர் யார்?' என்று மாணவரைக் கேட்பது வழக்கம். 'இதைச் செய்தவர் யார்?' என்று இரண்டாவது வினாவையும் கேட்டால், கலைப்பாடமே அறப்பாடமும் ஆகும். அவ்வினாவைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை தனக்காகக் குனிவோரைக் காணும்போது தானும் சற்றுக் குனிந்து அவர் முகத்தைப் பார்ப்பான்.

வாலஸ் கலைக்கூடத்து இளைஞரின் படத்தில் ஆண்டும் அவருடைய வயதும் எழுதப்பட்டுள்ளன: 1624, இருபத்தாறு. பெயர் எழுதப்படவில்லை. அவர் இன்னார் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். உறுதியாகக் கூறுவார் இலர். தலைகுனியாமல் நின்ற பெருமகனின் பெயரும், தலைகுனிந்து பின்னியவளின் பெயரோடு சேர்ந்தே மறைந்தது. அவர் மணிக்கட்டில் அந்தப் பின்னல் மட்டும் ஓர் இழையும் அறாமல் வெண்மையாக இருக்கிறது.